26 கார்பன் வாலும் நரம்புச் சவ்வும்: லொரென்சோ ஓடோனே நிகழ்வு ஆய்வு

1983ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில், வாஷிங்டனுக்கு அருகே வசித்துவந்த லொரென்சோ ஓடோனே என்ற ஐந்து வயதுச் சிறுவனின் போக்கு மாறத் தொடங்கியது. அதுவரை வயதுக்கு மீறிய சூட்டிகையோடு இருந்த பிள்ளை பள்ளியில் காரணமில்லாமல் வெறிகொண்டு கத்தினான். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் காதில் விழாதவன்போல நின்றான். நடக்கையில் கால் தடுமாறியது. 1984 ஏப்ரலில் நோயின் பெயர் தெரிந்தது: அட்ரினோலூக்கோடிஸ்ட்ரோபி. இரண்டு ஆண்டுகள் தாண்டுவது கடினம் என்றார்கள் மருத்துவர்கள்.

இதற்குப் பின் நடந்ததைப் பலரும் ஒரு தாய் தந்தையின் போராட்டமாகவே அறிந்திருப்பார்கள். 1992இல் அது திரைப்படமாகவும் வந்தது. மருத்துவப் படிப்பில்லாத ஒரு பொருளாதார வல்லுநரும் அவர் மனைவியும் நூலகத்தில் உட்கார்ந்து ஓர் எண்ணெயைக் கண்டடைந்தார்கள் என்பது சொல்லச் சொல்ல அலுக்காத கதைதான். எனக்கு அதில் வேறொரு கேள்விதான் உறுத்துகிறது. நரம்புச் சவ்வில் இருக்கும் கொழுப்பின் வகை மாறினால் சவ்வின் இயற்பியல் குணம் மாறும் என்பதற்கு இந்நோயைப் போல் தெளிவான சான்று குறைவு. அதே நோய், ரத்தத்தில் அந்தக் கொழுப்பைச் சரிசெய்துவிட்டால் நரம்பும் சரியாகிவிடும் என்ற கணக்கைக் குப்புறக் கவிழ்த்தது. இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் இந்த நிகழ்வைப் படிப்பதில் பயனில்லை.

நோயின் வேர்

1923இல் ஜெர்மானிய மருத்துவர்களான சீமர்லிங்கும் கிரொய்ட்ஸ்ஃபெல்ட்டும், தோல் வெண்கல நிறமாகக் கருத்து, மூளையும் சிதைந்து இறந்துபோன ஒரு சிறுவனைப் பற்றி எழுதினார்கள். தோல் கருத்ததற்குக் காரணம் சிறுநீரகத்துக்கு மேல் தொப்பிபோல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி செயலிழந்தது. நரம்பிழைகள் கட்டுக்கட்டாக ஓடும் மூளையின் வெண்பொருளுக்கும் இந்தச் சுரப்பிக்கும் என்ன உறவு? அரை நூற்றாண்டுக்கு மேல் யாருக்கும் விடை கிடைக்கவில்லை.

1976இல் இகராஷியும் உடன் பணியாற்றியவர்களும், இறந்த நோயாளிகளின் மூளையிலும் அட்ரினலிலும் கொலஸ்ட்ராலோடு ஒட்டியிருந்த கொழுப்பமிலங்களைப் பிரித்துப் பார்த்தார்கள். நம் உடலில் பெரும்பாலான கொழுப்பமிலங்கள் 16, 18 கார்பன் நீளம் கொண்டவை. இங்கே 24, 26 என நீண்ட சங்கிலிகள் குவிந்து கிடந்தன. அதிலும் இரட்டைப் பிணைப்பு ஒன்றுகூட இல்லாத, முழுக்க நிறைவுற்ற சங்கிலிகள். இன்றுவரை இந்நோயின் அடையாளம் 26 கார்பன் கொண்ட அந்த அமிலம்தான்.

அது ஏன் குவிகிறது என்பது 1993இல் தெரிந்தது. எக்ஸ் குரோமோசோமின் முனையில் இருக்கும் ஏபிசிடி1 என்ற மரபணுவில் பிழை. நீண்ட சங்கிலிகளை எரிக்கும் நொதியே கெட்டிருக்கும் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். கிடைத்ததோ, பெராக்சிசோம் என்ற செல் நுண்ணுறுப்பின் உறையில் நின்று அந்தச் சங்கிலிகளை உள்ளே அனுப்பும் ஒரு புரதம். அடுப்பும் இருக்கிறது, விறகும் இருக்கிறது. அடுப்பறைக் கதவு திறக்கவில்லை. வெளியே தேங்கிய சங்கிலிகளை, செல்லின் நீட்டிப்பு நொதிகள் மேலும் இரண்டிரண்டு கார்பனாக நீட்டிவிடுகின்றன. மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் தாய் சுமக்கிறாள், மகனைக் கடுமையாகத் தாக்குகிறது. சுமக்கும் பெண்களில் பலருக்கும் வயதான பிறகு கால் விறைப்பும் நடைத் தடுமாற்றமும் வருகின்றன என்பது பின்னாளில்தான் கவனிக்கப்பட்டது.

கொழுப்பு இறுகுவதும் இளகுவதும்

மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்தால் ஒரு சொட்டுகூட விழாது. பக்கத்திலேயே இருக்கும் நல்லெண்ணெய் வழக்கம்போல் ஒழுகும். இரண்டும் எண்ணெய்தான், இரண்டும் ஒரே அலமாரியில்தான் இருந்தன. தேங்காய் எண்ணெயின் கொழுப்பமிலங்களில் பெரும்பகுதி நிறைவுற்றவை, நேரான குச்சிகள். விறகுக் கட்டுபோல ஒன்றோடொன்று ஒட்டி அடுக்கிக்கொள்ளும். நல்லெண்ணெயில் இருப்பவற்றுள் பெரும்பாலானவற்றுக்கு நடுவில் இரட்டைப் பிணைப்பு உண்டு. அந்த இடத்தில் குச்சி வளைந்துவிடுகிறது. வளைந்த குச்சிகளை எப்படி அடுக்கினாலும் இடைவெளி விழும்.

எண்களாகப் பார்த்தால் வித்தியாசம் இன்னும் துலங்கும். 18 கார்பன் நீளமுள்ள நிறைவுற்ற ஸ்டியரிக் அமிலம் உருகச் சுமார் 69 டிகிரி செல்சியஸ் வேண்டும். அதே 18 கார்பன், ஒரேயொரு இரட்டைப் பிணைப்பு சேர்ந்த ஓலியிக் அமிலம் 13 டிகிரியிலேயே உருகிவிடும். ஆறு இரட்டைப் பிணைப்பு கொண்ட, மீன் எண்ணெயில் மிகுதியாக இருக்கும் டிஎச்ஏ உறைவதற்கு மைனஸ் 44 டிகிரிக்குப் போக வேண்டும். நம் நோயாளியின் 26 கார்பன் அமிலமோ 88 டிகிரியில்தான் உருகும். சவ்வில் இந்த அமிலங்கள் தனியாக இல்லை, சவ்வைக் கட்டும் கொழுப்பு மூலக்கூறான பாஸ்போலிப்பிடின் வாலாகத் தொங்குகின்றன. ஆகவே இந்த எண்களை அப்படியே சவ்வுக்குப் பொருத்த முடியாது. ஆனால் எது இறுக்கும், எது இளக்கும் என்ற திசை மாறுவதில்லை.

நரம்பு செல்லின் சவ்வில் கொழுப்பு வெறும் வேலி இல்லை. ஓய்வில் இருக்கும் நரம்பின் உள்ளுக்கும் வெளிக்கும் சுமார் 70 மில்லிவோல்ட் வித்தியாசம். கேட்பதற்குச் சொற்பம். அந்த மின்னழுத்தத்தைத் தாங்கும் சவ்வின் தடிமன் நான்கைந்து நானோமீட்டர்தான் என்று வகுத்துப் பாருங்கள்: மீட்டருக்கு ஒரு கோடி வோல்ட்டுக்கு மேல் வருகிறது. இதைத் தாங்கிக்கொண்டே, தனக்குள் மிதக்கும் அயனிக் கால்வாய்ப் புரதங்கள் கணப்பொழுதில் திறந்து மூடவும் சவ்வு இடம் கொடுக்க வேண்டும். ஆகவே ஒரே மூளைக்குள் இரண்டு விதமான சவ்வுகளை உடல் செய்து வைத்திருக்கிறது. நரம்பும் நரம்பும் செய்தி மாற்றிக்கொள்ளும் சந்திப்புகளில் டிஎச்ஏ மிகுந்த, இளகிய சவ்வு. நரம்பிழையைச் சுற்றிப் பாய் சுருட்டியதுபோல் அடுக்கடுக்காகச் சுற்றியிருக்கும் மையலின் உறையில் இறுக்கமான சவ்வு.

மையலினின் உலர் எடையில் 70 முதல் 80 சதவீதம் கொழுப்பு. புரதம் ஓரமாகத்தான் இருக்கிறது. கொலஸ்ட்ரால், பாஸ்போலிப்பிட், சர்க்கரை ஒட்டிய கேலக்டோலிப்பிட் மூன்றும் ஏறக்குறைய இரண்டுக்கு இரண்டுக்கு ஒன்று என்ற மூலக்கூறு விகிதத்தில் சேர்ந்திருக்கும். உடல் எடையில் இரண்டு சதவீதமே இருக்கும் மூளை, உடலின் மொத்தக் கொலஸ்ட்ராலில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கை வைத்திருப்பது பெரும்பாலும் இந்த உறைக்காகத்தான். கொலஸ்ட்ராலை இதய நோயோடு மட்டும் சேர்த்துத் திட்டிப் பழகிய நமக்கு இது கொஞ்சம் சங்கடமான செய்தி. சவ்வில் அது செய்யும் வேலை இருபக்க வேலை: அளவுக்கு மேல் இளகிய சங்கிலிகளைப் பிடித்து நிறுத்தும், அளவுக்கு மேல் இறுகியவற்றின் நடுவே நுழைந்து கட்டைக் கலைக்கும். இப்படி அடுக்கிய உறை மின்சாரத்தைக் கசிய விடுவதில்லை. மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் திறனும் குறைந்துவிடுகிறது. உறையில்லாத மெல்லிய நரம்பிழையில் நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் ஊரும் துடிப்பு, தடித்த உறையுள்ள இழையில் நொடிக்கு நூறு மீட்டர்வரை பாய்வது இதனால்தான்.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. நீண்ட சங்கிலி மையலினுக்கு அந்நியம் அல்ல. அதன் ஸ்பிங்கோலிப்பிட் என்ற கொழுப்பு வகையில் 24 கார்பன் வால்கள் இயல்பாகவே ஏராளம். நீளமே குற்றம் என்று நினைத்தால் நோயைத் தவறாகப் புரிந்துகொள்வோம். எந்த நீளம், எவ்வளவு, எந்த லிப்பிடின் வாலாக என்பதே கேள்வி.

ஒரு வால் சவ்வில் செய்யும் வேலை

சவ்வு இரண்டு தாள்களால் ஆனது. நீரை வெறுக்கும் வால்கள் இரு பக்கத்திலிருந்தும் உள்ளே நீட்டி நடுவில் சந்திக்கின்றன. இரண்டும் சேர்ந்த எண்ணெய்ப் பகுதியின் மொத்தத் தடிமன் சுமார் மூன்று நானோமீட்டர். 26 கார்பன் சங்கிலியை முழுக்க நீட்டி நிமிர்த்தினால் அதன் நீளம் 3.3 நானோமீட்டர். அதாவது ஒரு தாளிலிருந்து தொங்கும் ஒற்றை வால், நடுக்கோட்டைக் கடந்து, எதிர்த்தாளையும் துளைத்துக்கொண்டு மறுகரைவரை எட்டும். உண்மையில் அது எப்போதும் நிமிர்ந்து நிற்காது, வளையும், மடங்கும். ஆனாலும் எதிர்த்தாளின் வால்களுக்கு நடுவே மூக்கை நுழைக்காமல் அதற்கு இருக்க இடமில்லை. ஒன்றின்மேல் ஒன்று வழுக்கி நகர வேண்டிய இரண்டு தாள்களுக்கு நடுவே ஆணி அடித்ததுபோல.

இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். என் கணக்கில் இந்த நோயின் இயற்பியலை விளக்கும் சோதனைகளில் முதன்மையானது இதுவே. 1995இல் ஹோ, மோசர், ஹாமில்டன் முதலியோர் செயற்கைச் சவ்வுக் குமிழ்களில் இந்த 26 கார்பன் அமிலத்தைச் சேர்த்துப் பார்த்தார்கள். சாதாரணக் கொழுப்பமிலம் சவ்வில் ஏறும், இறங்கும், ரத்தத்தின் ஆல்புமின் புரதத்தில் தொற்றிக்கொண்டு போய்விடும். 26 கார்பன் அமிலமும் சவ்வில் எளிதாகவே ஏறியது, இறங்கத்தான் மறுத்தது. வழக்கமான நீளமுள்ள அமிலங்களைவிடச் சுமார் பத்தாயிரம் மடங்கு மெதுவாகத்தான் அது சவ்வை விட்டு வெளியேறியது. ஆல்புமினாலும் அதைச் சரியாகப் பிடித்துத் தூக்க முடியவில்லை. போதாக்குறைக்கு, சவ்வின் ஒழுங்கைக் குலைக்கச் சிறிதளவே போதுமானதாக இருந்தது.

உயிருள்ள செல்களிலும் இதன் தடம் தெரிந்தது. 1983இல் நோயாளிகளின் ரத்தச் சிவப்பணுக்களை எடுத்து அளந்தபோது சவ்வின் பாகுத்தன்மை இயல்பைவிடக் கூடியிருந்தது. 1988இல் வளர்ப்புக் கிண்ணத்தில் இருந்த மனித அட்ரினல் செல்களோடு நீண்ட நிறைவுற்ற அமிலங்களைச் சேர்த்தார்கள். சவ்வு இறுகியது, கூடவே கார்டிசால் சுரக்கத் தூண்டும் ஹார்மோனுக்கு அந்தச் செல்கள் பதில் சொல்வதும் குறைந்தது. 1923இல் அந்தச் சிறுவனின் தோல் கருத்ததற்கும் சவ்வுக்கும் இடையிலான முடிச்சு இங்கேதான் அவிழத் தொடங்குகிறது. சவ்வில் பதிந்திருக்கும் ஏற்பிப் புரதம் அசைந்து வேலை செய்யச் சுற்றிலும் இளகிய கொழுப்பு வேண்டும். இறுகினால் ஹார்மோன் கதவைத் தட்டினாலும் உள்ளே கேட்காது. 1992இல் இன்னொன்று தெரிந்தது. நோயாளிகளின் மூளையில் மையலின் இன்னும் சிதையாத பகுதிகளிலேயே, பாஸ்படிடைல்கோலின் என்ற பாஸ்போலிப்பிடில் நீண்ட வால்கள் அளவுக்கு மீறி ஏறியிருந்தன. சிதைவுக்குப் பின் வந்த குப்பையல்ல அவை. சிதைவுக்கு முன்பே அங்கே இருந்தவை.

எண்ணெய்

இந்தச் சோதனைகளில் பல நடப்பதற்கு முன்பே ஓடோனே தம்பதியர் தங்கள் முடிவுக்கு வந்துவிட்டார்கள். முதலில் முயன்றது பத்தியம்: 26 கார்பன் அமிலம் உள்ள உணவுகளை விலக்குவது. ரத்தத்தில் அளவு குறையவில்லை. உடல் தானே அதைத் தயாரித்துக்கொண்டிருந்தது. குழாயைத் திறந்துவைத்துவிட்டு வாளியால் இறைத்த கதை.

அப்படியானால் தயாரிப்பைத் தடுக்க வேண்டும். நிறைவுற்ற சங்கிலியையும் ஒற்றை இரட்டைப் பிணைப்பு உள்ள சங்கிலியையும் நீட்டுவது ஒரே நொதித் தொகுதி. ஒன்றைக் கொண்டுபோய் அதன் முன் குவித்தால் மற்றொன்றுக்கு முறை வராது. வில்லியம் ரிஸோ என்ற ஆய்வாளர் வளர்ப்புச் செல்களில் ஓலியிக் அமிலத்தைச் சேர்த்து 26 கார்பன் அமிலம் குறைவதைக் காட்டியிருந்தார். ஓலியிக் எண்ணெயைக் கொடுத்ததும் லொரென்சோவின் ரத்தத்தில் அளவு பாதியளவுக்கு இறங்கி, அங்கேயே நின்றுவிட்டது. 22 கார்பனும் ஓர் இரட்டைப் பிணைப்பும் கொண்ட எருசிக் அமிலத்தையும் சேர்த்தால் மிச்சமும் இறங்கும் என்று ஓடோனே தம்பதியர் கணித்தார்கள்.

எருசிக் அமிலம் வேறெதுவும் இல்லை, கடுகெண்ணெயின் பிரதான அமிலம். வங்காளத்திலும் பீகாரிலும் தினமும் மீன் பொரிக்கும் எண்ணெய். ஆனால் எலிகளின் இதயத்தில் கொழுப்புப் படிய வைக்கிறது என்று ஆய்வுகள் சொன்னதால் மேற்கு நாடுகளில் அதற்கு அப்போது கெட்ட பெயர். கனடாவில் எருசிக் அமிலம் குறைந்த கனோலா ரகத்தையே உருவாக்கியிருந்தார்கள். தூய எருசிக் எண்ணெயைத் தயாரித்துக் கொடுக்க முன்வந்தவர் இங்கிலாந்தின் ஹல் நகரில் குரோடா நிறுவனத்தில் வேலைபார்த்த டான் சுடபி என்ற வேதியியலாளர். ஓலியிக் நான்கு பங்கு, எருசிக் ஒரு பங்கு. நான்கே வாரங்களில் நோயாளிகளின் ரத்தத்தில் 26 கார்பன் அமிலம் இயல்பு நிலைக்கு வந்தது. உயிர்வேதியியலாக மட்டும் பார்த்தால் இது அபாரமான வெற்றி. பல்கலைக்கழகங்கள் தடுமாறிய இடத்தில் இரண்டு பெற்றோர் நொதிப் போட்டியைச் சரியாகக் கணித்திருந்தார்கள்.

கணக்கு இடித்த இடம்

லொரென்சோ எழுந்து நடக்கவில்லை. பேச்சும் திரும்பவில்லை. கண் இமைத்தும் விரல் அசைத்தும் ஆம், இல்லை சொல்லும் அளவுக்கு இருந்தான். மருத்துவர்கள் சொன்ன இரண்டு ஆண்டுகளைத் தாண்டி, 2008 மே 30 அன்று, முப்பதாவது பிறந்தநாளுக்கு மறுநாள் இறந்தான். எண்ணெய்தான் அவனை இத்தனை காலம் வைத்திருந்ததா, இரவும் பகலும் விழித்திருந்த பராமரிப்பா என்று ஒரே ஒருவரை வைத்துச் சொல்ல முடியாது. சொல்பவர்களை நான் நம்புவதில்லை, இரு தரப்பையும்.

மற்ற நோயாளிகளின் பலன்கள் வந்தபோது படம் தெளிந்தது. 1993இல் பிரான்ஸில், முதுகுத்தண்டைத் தாக்கும் பெரியவர் வகை நோயாளிகளுக்கு இரண்டு ஆண்டுகள் எண்ணெய் கொடுத்துப் பார்த்த ஆய்வில் குறிப்பிடத்தக்க பலன் எதுவும் இல்லை. மூளை ஏற்கெனவே சிதையத் தொடங்கிய சிறுவர்களிடம் அது நோயை நிறுத்தவில்லை. இறந்த நோயாளிகளின் மூளையைச் சோதித்தபோது காரணமும் ஓரளவு புரிந்தது: ரத்தத்தில் நிறைந்திருந்த எருசிக் அமிலம் மூளைக்குள் போதிய அளவு போய்ச்சேரவே இல்லை. மேலே சொன்ன குமிழ்ச் சோதனையையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். சவ்வில் ஏறிய 26 கார்பன் சங்கிலி லேசில் இறங்காது. மையலினோ மூளையின் மிக மெதுவாகப் புதுப்பிக்கப்படும் சவ்வுகளில் ஒன்று. ரத்தத்தில் வரத்து நின்றாலும் மூளைக்குள் நடக்கும் தயாரிப்பு நிற்காது. ஏற்கெனவே பதிந்ததும் போகாது. நான்கு வாரத்தில் ரத்தத்தைச் சரிசெய்வதும் சவ்வைச் சரிசெய்வதும் வேறு வேறு காரியங்கள்.

எண்ணெய்க்குத் தானும் சவ்வுகளை மாற்றும் குணம் உண்டு என்பது இதில் உள்ள முரண். பலருக்கு ரத்தத் தட்டணுக்கள் குறைந்தன. ரத்தத்தில் டிஎச்ஏ போன்ற பல இரட்டைப் பிணைப்பு அமிலங்களும் இறங்கின. அவற்றைத் தனியாகக் கொடுத்து ஈடுகட்ட வேண்டியிருந்தது. இளகிய சவ்வுக்கு வேண்டிய பொருள்தான் அது.

எண்ணெய்க்கு ஆதரவாகப் பேசும் ஆய்வு 2005இல் வந்தது. பால்டிமோரின் ஹியூகோ மோசர், அறிகுறி எதுவும் தொடங்காத, எம்ஆர்ஐ இயல்பாக இருந்த 89 சிறுவர்களுக்கு எண்ணெய் கொடுத்துச் சராசரியாக ஏழு ஆண்டுகள் தொடர்ந்தார். 24 சதவீதத்தினருக்கு எம்ஆர்ஐயில் மாற்றம் தெரிந்தது. 11 சதவீதத்தினருக்கு எம்ஆர்ஐ மாற்றத்தோடு நரம்புக் குறைபாடும் வந்தது. 26 கார்பன் அளவு நன்றாகக் குறைந்தவர்களிடம் ஆபத்தும் குறைவாக இருந்தது. எண்ணெய் பெறாத ஒப்பீட்டுக் குழு இல்லை. ஆகவே இதை வைத்து உறுதியாகத் தீர்ப்பெழுத முடியாது. ஆனால் மேலே சொன்ன இயற்பியலோடு இது பொருந்தவே செய்கிறது: சவ்வில் ஏறுவதற்கு முன் தடுத்தால் பலன் உண்டு, ஏறிய பின் இறக்குவதற்கு வழி இல்லை.

இதுவரை எல்லாவற்றையும் சவ்வின் இறுக்கத்தின் தலையில் போட்டுவிடலாம்போலத் தோன்றும். எலிகள் அதற்கு இடம் தரவில்லை. ஏபிசிடி1 மரபணுவை நீக்கிய எலிகளின் மூளையிலும் நீண்ட சங்கிலிகள் குவிகின்றன. மூளை மட்டும் சிறுவர்களுக்கு நடப்பதுபோல் அழற்சி கண்டு சிதைவதில்லை. வயதான பிறகு முதுகுத்தண்டின் நீண்ட இழைகள் நலிந்து நடை தடுமாறுகிறது, அவ்வளவுதான். மனிதர்களிலும் ஒரே மரபணுப் பிழை உள்ள அண்ணன் தம்பிகளில் ஒருவனுக்குச் சிறுவயதிலேயே மூளை சிதைகிறது, மற்றவன் நாற்பது வயதில் கால் விறைப்போடு நிற்கிறான்.

ஆகவே இரண்டு நோய்கள் ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்திருக்கின்றன என்று வைத்துக்கொள்வதே எனக்குச் சரியாகப் படுகிறது. அடியில், சவ்வின் கொழுப்பு மாறியதால் ஆண்டுக்கணக்கில் மெதுவாக நடக்கும் நலிவு. அட்ரினலும் முதுகுத்தண்டும் இதில் சேர்த்தி. மேலே, அந்த நிலையற்ற மையலினைப் பார்த்து நோயெதிர்ப்பு செல்கள் பாய்வதால் சில மாதங்களில் மூளையை எரித்துவிடும் தீ. லொரென்சோவுக்கு வந்தது தீ. எண்ணெய் குறிவைத்தது நலிவின் மூலப்பொருளை.

எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை இந்தப் பிரிவினையை உறுதி செய்கிறது. 1990இல் பிரான்ஸின் பாட்ரிக் ஓபூர்க் குழு, நோய் தொடங்கிய நிலையிலேயே இருந்த ஒரு சிறுவனுக்கு இதைச் செய்து மூளைச் சிதைவு நின்றதைக் காட்டியது. கொடையாளியின் செல்கள் ரத்தம் வழியாக மூளைக்குள் சென்று அங்குள்ள துப்புரவு செல்களின் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன, தீ அணைகிறது. அட்ரினல் குறைபாடு அப்படியே இருக்கிறது. முதுகுத்தண்டு நலிவும் வயதானபின் பலருக்கு வரவே செய்கிறது. 2009இல் நோயாளியின் சொந்த மஜ்ஜை செல்களிலேயே சரியான மரபணுவைப் பொருத்தும் முறை இரண்டு சிறுவர்களிடம் வேலை செய்தது. அதே வழியில் உருவான வேறொரு மரபணுச் சிகிச்சைக்கு 2022 செப்டம்பரில் அமெரிக்க ஒப்புதல் கிடைத்தது. பின்னர் அதைப் பெற்ற 67 பேரில் ஏழு பேருக்கு ரத்தப் புற்றுநோய் வந்ததாக 2024இல் அறிக்கை வந்தது. அந்தச் சிகிச்சையை யாருக்குக் கொடுப்பது என்பது மறுபடியும் கடினமான கேள்வியாகிவிட்டது.

2013 டிசம்பர் முதல் நியூயார்க் மாநிலத்தில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும், குதிகாலில் குத்தி எடுக்கும் ஒரு சொட்டு ரத்தத்தில் இந்நோயைத் தேடுகிறார்கள். தேடுவது அதே 26 கார்பன் வால் ஒட்டிய லைசோபாஸ்படிடைல்கோலினை. சவ்வுக் கொழுப்பின் ஒரு துணுக்கு. அளவு கூடியிருந்தால் குழந்தைக்கு நோய் இருக்கக்கூடும் என்று தெரியும். மூளை எரியுமா, எப்போது எரியும் என்பதை அந்த எண் சொல்லாது. அதனால் அந்தப் பையனைப் பிள்ளைப் பருவத்தில் பல ஆண்டுகள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை எம்ஆர்ஐ கருவிக்குள் படுக்க வைத்து, வெண்பொருளில் புதிதாக ஒரு வெள்ளைப் புள்ளி முளைத்திருக்கிறதா என்று பார்க்கிறார்கள்.